புதன்கிழமை திறந்த கோப்பு

சனிக்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறை முழுக்க வீட்டில் கண்ணாடி பார்த்தவர்கள் எல்லோரும் மறுநாள் எட்டு மணிக்கே படியேறி வந்துவிடுவார்கள். ரஷ்த் நகரத்தில் மழையில்லாத சனிக்கிழமை அபூர்வம். ஈரக் குடைகளைப் போட வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தோம். ஒன்பது மணிக்குள் அதன் அடியில் நாலு விரல் தண்ணீர் நின்றுவிடும். அதைத் தூக்கிக் கொட்டுவதும் என் வேலைதான். இருபத்திரண்டு வருடம் கொட்டியிருக்கிறேன்.

மெதுவாகச் சொன்னால் போதும் என்றீர்கள், ஐயா. வேகமாகச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

என் பெயர் தூரான். வயது ஐம்பத்து மூன்று. காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவச் சரிபார்ப்புப் பிரிவில் முன்மேசை என்னுடையது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் மூக்குகள். விதி எளிமையானது. மூச்சு விடுவதற்காக மூக்கில் அறுவை செய்தால் நிறுவனம் செலவைத் தரும், அழகுக்காகச் செய்தால் தராது. ஆனால் மூக்கு ஒன்றுதானே, உள்ளே போன கத்தி இரண்டையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் அறுவைக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் எங்கள் டாக்டர் பார்ப்பார். அவர் சொல்கிறபடி நான் முத்திரை குத்துவேன். என் மேசையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்றில் 'சிகிச்சை' என்றிருக்கும், மற்றதில் 'அழகு'. இரண்டாவதன் ரப்பர் சீக்கிரம் தேயும். வருடத்துக்கு ஒன்று புதிதாக வாங்குவோம்.

டாக்டர் மொஃபிதி நல்ல மனிதர், என்னை மரியாதையாக 'ஹானும்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். மூக்குத் துவாரத்துக்குக் கீழே ஒரு குளிர்ந்த உலோகத் தகட்டைப் பிடிப்பார். மூச்சு படிந்து தகடு மங்கினால் காற்று வருகிறது என்று அர்த்தம். ஒரு தடவை ஒரு அம்மாள் பெண்ணைக் கூட்டிவந்து, பிள்ளை ராத்திரியெல்லாம் திணறுகிறாள் என்று அழுதாள். பெண் கைபேசியில் தன் பக்கவாட்டு முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தகட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு பக்கமும் காத்து நல்லா வருது. உங்க பொண்ணு விட்ட மூச்சுல என் மூக்குக் கண்ணாடியே மறைஞ்சுபோச்சு. அழகு, தூரான் ஹானும்."

அந்தப் பெண் தலை நிமிர்ந்து, "அழகுன்னா நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா மட்டும் என்னைப் பார்த்து, உன் வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்படிச் சொல்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள். மந்தானா. அப்போது இருபத்தாறு வயது. லாஹிஜானில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் வேலை. தினமும் காலையில் ஷேர் டாக்சியில் நாற்பத்தைந்து நிமிடம் போவாள். வரிசையாக முப்பது வெள்ளைக் கிண்ணங்களில் தேநீர் வடித்து வைத்திருப்பார்களாம். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து முகர்ந்து, ஒரு கரண்டி உறிஞ்சி, துப்பிவிட்டு, எந்த மலைச்சரிவு, எந்த வாரம் பறித்த இலை என்று சொல்வாள். மேலாளர் அவளிடம் கேட்காமல் ஒரு மூட்டையைக்கூட வெளியே அனுப்பமாட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அவள் சட்டையில் ஈர இலை வாசம் அடிக்கும்.

அவளுக்கு மூச்சு சரியில்லை. இதை நான் பலமுறை சொல்லிவிட்டேன், ஆனால் எழுதுபவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தூங்கும்போது வாய் திறந்திருக்கும். குறட்டை உண்டு. அதைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன், பதினோரு பதிவுகள். தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு. சில நாள் பதினேழு. பதினாறு சாதாரணம்தானே என்று நீங்கள் கேட்டீர்கள். எண்ணிக்கை சாதாரணம்தான். ஆனால் ஒரு தாய்க்குக் கேட்கிற சத்தம் வேறு.

அவளிடம் சொன்னால் சிரிப்பாள். ஒரு நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "என் மூக்குதாம்மா எனக்கு ரொட்டி போடுது. அதுமேல கை வெக்காத," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. முகம்தான் அவள் அப்பாவுடையது.

ஹூஷங்கைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். என் கணவர். சட்டப்படி இப்போது இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கராஜ் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அங்கே அறையும் இருந்தது, அதில் ஒரு பெண்ணும் இருந்தாள். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நான் சண்டை போடவில்லை. நீதிமன்றத்தில் அவர் நீட்டிய எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. மந்தானா மாதம் ஒரு முறை அவரிடம் தொலைபேசியில் பேசுவாள். பேசட்டும் என்று நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அவர் மூக்கு நடுவில் எழும்பி, நுனியில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அவருடைய அக்காவுக்கும் அதேதான், அவருடைய அப்பாவின் படத்திலும் அதேதான். மந்தானாவுக்குப் பன்னிரண்டு வயது வரை அப்படி இல்லை. பிறகு வந்தது. வளர வளர ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. நேரே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. பாத்திரம் கழுவும்போது, ஜன்னலோரம் நிற்கும்போது தெரியும். ஒரே வீட்டில் இருந்தால் ஒருவரைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம், ஐயா. நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ.

போன வருடம் கோடை முடியும்போது அவளைச் சம்மதிக்க வைத்தேன். ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்ப்போம், எனக்கு மன நிம்மதி, என்றேன். எனக்காக வந்தாள். அந்தச் சனிக்கிழமை மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்கார்ந்தாள். சலுகை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டாக்டர் மொஃபிதி படத்தை விளக்குப் பலகையில் செருகிப் பார்த்தார். தகட்டை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"நடுச்சுவர் துளி வளைஞ்சிருக்கு. அது உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். மத்த யாரா இருந்தாலும் கண்ணை மூடிட்டு ஏதாவது எழுதியிருப்பேன். உங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது? உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல, தூரான் ஹானும். சந்தோஷப்படுங்க."

முத்திரையை நான்தான் குத்தினேன். அழகு. மந்தானா எட்டிப் பார்த்து, "பாத்தியா, அரசாங்க முத்திரையோட சொல்லிட்டாங்க," என்று சிரித்தாள். எங்கள் நிறுவனம் அரசாங்கத்துடையது இல்லை, ஆனால் அதை அப்போது நான் திருத்தவில்லை. அவள் கீழே போய் எல்லோருக்கும் சேர்த்து வால்நட் வைத்த பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். வரிசையில் இருந்தவர்களும் சாப்பிட்டார்கள். நான் மூன்று மணி வரை மேசையில் இருந்துவிட்டு, வாளியைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கையில் சேமிப்பு இருந்ததே, சொந்தப் பணத்தில் செய்திருக்கலாமே என்று நேற்று இன்னொரு அதிகாரி கேட்டார். அவர் இளைஞர், அவருக்குப் புரியவில்லை. வங்கிப் பெட்டியில் ஏழு தங்க நாணயம் இருந்தது உண்மை. ஆனால் நான் பணம் கட்டினால் அது அழகுக்குச் செய்தது ஆகிவிடும். என் பெண்ணுக்கு அழகுக்குச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்கு இருந்தது மூச்சுக் கோளாறு. கோளாறுக்கு நிறுவனம்தான் தரவேண்டும். இருபத்திரண்டு வருடம் இந்த வித்தியாசத்தைத்தான் நான் காத்து வந்திருக்கிறேன்.

தவிர, அவள் ஒத்துக்கொண்டிருக்கவும் மாட்டாள்.

எங்கள் விதிப் புத்தகத்தில் பதினான்காம் பிரிவு என்று ஒன்று உண்டு. விபத்தில் மூக்கெலும்பு முறிந்து இடம் பெயர்ந்திருந்தால், அதைச் சரிசெய்யும்போது வடிவம் மாறினாலும் செலவு முழுவதையும் நிறுவனம் தரும். அழகா சிகிச்சையா என்ற கேள்வியே அங்கே எழாது. அவசரப் பிரிவு மருத்துவரின் கடிதம் வேண்டும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கோப்பு பதிவாகியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பிரிவை நான் எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், பந்து பட்டவர்கள், ஒரு தடவை கழுதை உதைத்த ஒருவர். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மதியம், ஆள் வராத நேரத்தில், அதை எனக்கே ஒரு தடவை வாசித்துக்கொண்டேன்.

இலையுதிர் காலம் முடிகிற ஆசர் மாதம் இரண்டாவது வாரம், புதன்கிழமை, மந்தானாவின் பெயரில் பதினான்காம் பிரிவில் ஒரு கோப்பு திறந்து எண் போட்டேன். விபத்து நடந்தது வெள்ளிக்கிழமை. நான் சொன்னேன் அல்லவா, சனிக்கிழமை கூட்டம் அதிகம். கணினியும் மெதுவாக வேலை செய்யும். வியாழக்கிழமை அரை நாள், அன்று புது எண் போடமாட்டோம். நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது கேட்பதற்குத்தான் நிறைய. கோப்பு தாமதமாகி எத்தனையோ குடும்பங்கள் என் கண் முன்னால் அழுதிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை மதியம் ஆப்கூஷ்த் செய்தேன். ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் சேர்த்து வேகவைத்து, சாற்றைத் தனியே வடித்து, மிச்சத்தை மத்தால் மசித்துச் சாப்பிடுவது. மந்தானாவுக்குப் பிடிக்கும். மசிக்கிற வேலையை எப்போதும் அவளே செய்வாள். அன்றும் செய்தாள். தொழிற்சாலையில் யாரோ ஒரு புதுப் பெண் கிண்ணங்களை மாற்றி வைத்துவிட்டதையும், இவள் வாசத்தை வைத்தே சரியாக அடுக்கியதையும் சொன்னாள். நான் மோரில் உலர்ந்த புதினா தூவிக் கொடுத்தேன். எனக்குத் தூக்கத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மூன்று அதில் இருந்தது. உப்பு கூடுதலாகப் போட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. நாக்கும் மூக்கும் கூர்மையானவள், ஆனால் அம்மா கொடுத்ததை யார் முகர்ந்து பார்ப்பார்கள்.

மூன்று மணிக்குக் கூடத்தில் தரைவிரிப்பில், ஹீட்டருக்குப் பக்கத்தில், மல்லாந்து தூங்கினாள். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அப்பாவும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அதே இடத்தில்தான் தூங்குவார்.

மத்து இரும்பு மத்து. அதைத் துண்டில் சுற்றினேன். தோல் கிழிந்தால் தழும்பு விழும், அது பெண் பிள்ளைக்கு நல்லதில்லை. எந்த இடத்தில் எலும்பு மெல்லியது, எந்தப் பக்கமிருந்து வந்தால் எப்படி நகரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். டாக்டர் விளக்குப் பலகையில் காட்டிக் காட்டி, நானும் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை பட்டதும் கண்ணைத் திறந்தாள். "அம்மா," என்றாள். "ஒண்ணுமில்ல, தூங்கு," என்றேன். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சொன்ன பேச்சைக் கேட்பாள்.

எலும்பு நகரவில்லை என்று தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது. வெறும் விரிசல் என்றால் பதினான்காம் பிரிவில் வராது. அரைகுறைக் கோப்போடு வருகிறவர்களை நான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் இரண்டாவது தேவைப்பட்டது.

பிறகு அவளைக் கொஞ்சம் நகர்த்தி, முகம் ஹீட்டரின் விளிம்புப் பக்கம் இருக்கும்படி வைத்தேன். மத்தில் மதியச் சாப்பாட்டின் கொழுப்பு இன்னும் இருந்தது, வெந்நீரில் கழுவி வைத்தேன். துண்டை ஊறப் போட்டேன். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன்.

வண்டியில் போகும்போது அவளுக்குப் பாதி நினைவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஹீட்டர் மேல் விழுந்துவிட்டாய் என்று சொன்னேன். அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, "மன்னிச்சிடும்மா. உனக்கு இருக்கிறதே ஒரு வெள்ளிக்கிழமை," என்றாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் எந்தச் சண்டையும் இருந்ததில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். மந்தானாவின் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். விழும்போது கையை ஊன்றவில்லையா, எங்கேயும் சிராய்ப்பே இல்லையே என்று கேட்டார். பாதித் தூக்கம் என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னுடைய பணி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கடிதத்தில் நான் சொன்ன வார்த்தைகளையே எழுதிக் கொடுத்தார். எப்படி எழுதினால் கோப்பு திரும்பாது என்று எனக்குத் தெரியும் அல்லவா.

சனிக்கிழமை டாக்டர் மொஃபிதி படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். அன்றைக்கு ஒண்ணுமில்லை என்று தான் சொன்னதே கண்ணேறாகிவிட்டது என்றார். நான் அவரைச் சமாதானப்படுத்தினேன். முத்திரை குத்தினேன். சிகிச்சை.

அறுவைக்கு முன்னால் மந்தானா மருத்துவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முகம் முழுக்க வீங்கிக் கிடந்தாள், பேச்சு சரியாக வரவில்லை. "பழையபடி வெச்சிடுங்க, போதும்," என்றாள். அவர் சரியென்றார். வெளியே தாழ்வாரத்தில் நான் அவரிடம் நேரான மூக்குள்ள வேறு ஒரு முகத்தின் படத்தைக் காட்டிப் பேசினேன். எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள், எலும்பு எப்படியும் நகரத்தான் போகிறது, என்றேன். சம்மதப் பத்திரத்தில் அந்த வரிகளைச் சேர்த்து எழுதி, நானே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. கண் திறக்க முடியாத நிலையில் எங்கே கையெழுத்து என்று கேட்டாள். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன்.

கட்டுப் பிரித்த அன்று வந்த எல்லோரும் கிட்டே குனிந்து குனிந்து பார்த்தார்கள். நேராக, மெல்லியதாக, நுனி லேசாக நிமிர்ந்து. பக்கத்து வீட்டு ஃபொரூஸ் ஹானும், "விழுந்தாலும் இப்படி விழணும்டி. நான் போய் எந்த ஹீட்டர்ல முட்டிக்கிறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மந்தானாவும் சிரித்தாள். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்புறம் நான் தேநீர் கொண்டுவந்தேன். வழக்கம்போலக் குடிப்பதற்கு முன்னால் கண்ணாடிக் கோப்பையின் மேல் குனிந்தாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்தாள்.

"தேயிலை மாத்திட்டியாம்மா?"

இல்லை என்றேன். அவள் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த அதே இலைதான். வீக்கமாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் காத்திருந்தோம். அது வீக்கம் இல்லை. அடி பட்டபோது மூக்கின் மேலே வாசம் அறியும் நுண்ணிய நரம்பு இழைகள் அறுந்துவிட்டன, அவை திரும்ப வருவது சந்தேகம் என்று ஒரு பெரிய மருத்துவர் சொன்னார். அறுவை செய்தவர்மேல் தப்பு இல்லை என்றும் சொன்னார். தொழிற்சாலையில் அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பொட்டலத்தில் தேதி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆறு வாரம் போனாள். பிறகு போகவில்லை. ருசி பார்க்கும் அறையைக் கடந்துதான் தேதி ஒட்டும் இடத்துக்குப் போகவேண்டுமாம். அவள் இடத்தில் இப்போது அந்தப் புதுப் பெண் நிற்கிறாளாம்.

உள்ளே தழும்பு வளர்ந்து இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. படுத்தால் மூச்சு வரவில்லை. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்து நான்கு. அந்த மாதங்களில் நாங்கள் நெருக்கமாக இருந்தோம் என்று சொல்லலாம். பால் கெட்டுவிட்டதா, துணியில் வாடை இருக்கிறதா, அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். சட்டையில் இலை வாசம் இல்லை. வீட்டில் சத்தம் இல்லை. வேலை முடிந்து வந்தால் நான் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இந்த முறை அவளே மூக்குக்கு மறு அறுவை வேண்டும் என்று கேட்டாள். விண்ணப்பத்துக்குப் பழைய கோப்பின் நகல் தேவை. நான் கொண்டுவருகிறேன் என்றேன். பத்து நாள் ஆகியும் நான் கொண்டுவரவில்லை, வேலை அதிகம். ஒரு திங்கட்கிழமை நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் அவளே அலுவலகத்துக்கு வந்து, பக்கத்து மேசைப் பெண்ணிடம் நகல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பக்கத்தில் கோப்பு பதிவான நாளின் வரவு முத்திரை இருக்கும், கிழமையும் தேதியும் சக்கரத்தில் மாற்றுகிற முத்திரை. அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவள் நான்தான்.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அந்தக் காகிதம் மேசையில் இருந்தது. மந்தானா மேலங்கி போட்டு, தலைத்துணி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை என்பதன் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். சொல்வதற்கு என்னிடம் பதினோரு பதிவுகள் இருந்தன. அவள் அதைக் கேட்கவில்லை.

"எத்தன தடவ?"

"ரெண்டு," என்றேன். நான் அவளிடம் எதையும் மறைக்கிற தாய் இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போகும்போது அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, எரிவாயு அணைத்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். அணைத்திருக்கிறது என்றேன். போய்விட்டாள். கராஜுக்குப் போகும் பேருந்தில் ஏறினாள் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் காலையில் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

நிறுவனம் அந்தக் கோப்பை மோசடி என்று அறிவித்துவிட்டது, அதனால் மறு அறுவைக்கும் எதுவும் கிடைக்காது என்று சொன்னீர்கள். அது விதிப்படி சரியில்லை. இப்போது அவளுக்கு இருப்பது உண்மையான அடைப்பு. தகட்டைப் பிடித்தால் இரண்டு பக்கமும் மங்காது. என் மேசைக்கு அவள் வந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் சிகிச்சை என்று குத்தியிருப்பேன். இதை யாரிடமாவது எழுத்தில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

நான்தான் செய்தேன். இரண்டு தடவையும் நான்தான். யாரும் தூண்டவில்லை. கோபத்திலும் செய்யவில்லை. அவள் மூச்சுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. காலையில் அவளுடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கராஜில் கதவைத் தட்டியதும் ஹூஷங் வந்து திறந்தார், வாசல் விளக்கில் நின்ற அவளைப் பார்த்து, "யாரும்மா நீ, யார் வேணும்?" என்று கேட்டார் என்று அதில் இருக்கிறது.

அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள்.